ஏஐ ஏஜெண்டுகளின் வரலாற்றுக் கருவிக்குக் கையேடு எழுதப் போகிறவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தொழில்நுட்பக் கையேடு எழுதிப் பிழைப்பவள் நான். ஈப்போ, கமுந்திங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரக் கையேடு, கேஎல் (கோலாலம்பூர்) நிறுவனங்களுக்கு மென்பொருள் கையேடு என்று பல வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது. போன தைப்பூசம் முடிந்த கையோடு எடுத்த ஒரு வேலை, ஏஐ ஏஜெண்ட் செய்வதையெல்லாம் பதிந்து வைக்கும் ஒரு கருவிக்குக் கையேடு எழுதுவது, தீபாவளி வரைக்கும் என்னை உலுக்கி எடுத்துவிட்டது. பேசிய தொகை 7,500 வெள்ளி (ரிங்கிட்). கைக்கு வந்தது 4,500. சோதனை செய்து பார்க்க ஏஜெண்டுகளுக்குச் சொந்தக் காசில் கட்டிய கட்டணம் கிட்டத்தட்ட 800 வெள்ளி. இந்த வேலைக்காக வேண்டாம் என்று சொன்ன கையுறைத் தொழிற்சாலைக் கையேடு வேறு, அது போனது போனதுதான். பணத்தைவிட, நம் மேல் விழுந்த பழியைத் துடைக்க ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்ததுதான் வலித்தது. இந்த மாதிரி வேலை இனி நம்மவர்கள் பலருக்கு வரும். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இடையிடையே எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அது என்ன கருவி என்று சொல்லிவிடுகிறேன். கிளாட் கோட், கர்சர் மாதிரியான ஏஐ ஏஜெண்டுகள் இப்போது நம் கணினியில் உட்கார்ந்து தாமே கோப்புகளைத் திறக்கும், திருத்தும், அழிக்கும், கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் கட்டளை ஓட்டும். தேநீர் ஆற்றிக் குடிப்பதற்குள் முப்பது நாற்பது கோப்புகளைத் தொட்டுவிடும். எதைத் தொட்டது, ஏன் தொட்டது, தொடுவதற்கு முன் எப்படி இருந்தது என்று பின்னால் தேடினால் பதில் இருக்க வேண்டும். கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதிய அந்தக் கருவியைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறார்கள். ஆனால் கிட் நாம் கமிட் செய்ததை, அதாவது இதைப் பதிந்துகொள் என்று சொன்னதைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். இரண்டு கமிட்டுக்கு நடுவில் ஏஜெண்ட் பத்து முறை மனம் மாறி எழுதியதும் அழித்ததும் கிட்டுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கருவி. ஏஜெண்ட் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும் முன்பும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்), அதோடு நாம் கொடுத்த கட்டளை, அது சொன்ன காரணம், எல்லாம் சேர்த்துப் பதிவாகும். தப்பாகப் போனால் எந்த அடிக்கும் திரும்பிப் போகலாம்.

யோசனை எனக்கு உடனே பிடித்துப்போனது. என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். வேலைக்கு வந்த நாள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பேர் தப்பாகிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கவே மாட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, ஓரத்தில் கையெழுத்து. சம்பள நாளில் யாராவது வந்து "எனக்கு ஒரு நாள் குறையுது ஐயா" என்று நின்றால் அந்தக் கோட்டைக் காட்டித்தான் பேசுவார். ஏஜெண்டுக்கும் அப்படி ஒரு புத்தகம் வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் அந்தக் கேஎல் நிறுவனம் கூப்பிட்டபோது தொகை குறைச்சல் என்று தெரிந்தும் சரி என்றேன். 3,000 முன்பணம், மீதி 4,500 கருவி வெளியானதும் என்று ஒப்பந்தம். சின்ன நிறுவனம், பொறியாளர்கள் சிலர்தான், எனக்குப் பதில் சொல்ல ஒரு தம்பியை நியமித்தார்கள். நல்ல பையன், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசுவான். ஆனால் மேலிடம் அவனிடமே எதையும் முழுசாகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கே முதல் விஷயம். இப்படி ஒரு கருவிக்கு எழுத ஒத்துக்கொள்ளும் முன், "இது எதையெல்லாம் பதிவு செய்யாது, எதையெல்லாம் திருப்பித் தராது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். நான் முதல் வாரமே கேட்டேன், "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் அக்கா" என்று தள்ளிக்கொண்டே போனார்கள். என்ன செய்யும் என்ற பட்டியல் விளம்பரத்திலேயே இருக்கும், அதை எழுத நாம் வேண்டியதில்லை. வரலாற்றுக் கருவியை வாங்குகிறவன் அதை நம்பித் தைரியமாக ஏஜெண்டை அவிழ்த்துவிடப் போகிறான். அந்தத் தைரியம் எந்த எல்லை வரைக்கும் செல்லும் என்று சொல்வதுதான் கையேட்டின் உயிர். கோப்பைத் திருப்பலாம். ஏஜெண்ட் ஒரு டேட்டாபேஸில் வரிகளை அழித்திருந்தால் அது திரும்பாது. யாருக்கோ மின்னஞ்சல் போயிருந்தால், வெளியில் ஒரு சேவைக்குப் பணம் கட்டியிருந்தால், கிட்டில் புஷ் செய்து, அதாவது பொது இடத்துக்கு அனுப்பி, மற்றவர்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தால், எந்த ஸ்னாப்ஷாட்டும் உதவாது. வேலை செய்யும் ஃபோல்டருக்கு வெளியே உள்ள கோப்புகளும் பெரும்பாலும் கணக்கில் வராது. கிளாட் கோடில் 2025-இல் செக்பாயிண்ட் என்று ஒரு வசதி வந்தது. ஏஜெண்ட் தன் எடிட் கருவியால் செய்த மாற்றங்களை அது பின்னுக்கு எடுக்கும், டெர்மினல் கட்டளை மூலம் செய்த மாற்றங்களைத் தொடராது. அதைச் செய்தவர்கள் தங்கள் கையேட்டிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், அது கிட்டுக்கு மாற்று இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு பக்கம், முதல் பக்கமாகவே, நம் ஆவணத்திலும் இருக்க வேண்டும்.

சரி, வேலையைத் தொடங்கினேன். எனக்குப் பழக்கமான முறை, டேனியேல ப்ரோச்சிடா வகுத்த டயாடாக்சிஸ். கற்றுக்கொடுக்கும் பாடம், ஒரு காரியத்தை முடிக்கும் வழிகாட்டி, கட்டளைகளின் விவரம், ஏன் இப்படி என்ற விளக்கம் என நான்காகப் பிரித்து, ஒன்றை இன்னொன்றோடு கலக்காமல் எழுதுவது. மனிதர்கள் படிக்க அது அருமையான முறை. இரண்டு மாதம் போல உழைத்து, படங்களோடு, நிதானமான பாடங்களோடு ஒரு முழு வரைவு கொடுத்தேன். அம்மா காலையில் பசியாறக் கூப்பிட்டால் கூட "இந்தப் பத்தி முடியட்டும்மா" என்று சொல்லிக்கொண்டு எழுதியது. கொடுத்த பிறகுதான் அந்தத் தம்பி போன் செய்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இத மனுஷன் படிக்கப் போறதில்ல. ஏஜெண்டுதான் படிக்கப் போவுது. பாஸ் அதுக்கு ஏத்த மாதிரி எழுதச் சொல்றாரு."

எனக்குக் கோபம் வந்தது. வாசகர் யார் என்பதை வேலை கொடுக்கும்போதே சொல்ல வேண்டாமா? அது ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. கூடுதல் பணம் கேட்டேன், "வெளியானதும் பார்க்கலாம்" என்றார்கள். அந்த இரண்டு மாத உழைப்பில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. ஆனால் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதுதான் இந்த அனுபவத்திலேயே மதிப்பானது, அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏஜெண்ட் கையேட்டைப் படிப்பது நாம் படிப்பது போல இல்லை. முதல் பக்கத்தில் இருந்து வராது. தேடும், ஒரு துண்டு கிடைக்கும், அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கும். அதனால் "மேலே சொன்னபடி", "முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம்" என்று எழுதினால் அது வெறும் காற்று. ஒவ்வொரு பகுதியும் தனியாக எடுத்துப் படித்தாலும் முழுசாக இருக்க வேண்டும். எச்சரிக்கையைக் கட்டளைக்குக் கீழே போடும் பழக்கம் நமக்கு உண்டு. முதலில் கட்டளை, அதன் கீழே மஞ்சள் பெட்டியில் "கவனம்" என்று. துண்டு வெட்டும்போது மஞ்சள் பெட்டி வெளியே போய்விடலாம், அல்லது கட்டளையைப் பார்த்ததுமே அது ஓட்டிவிடலாம். எச்சரிக்கை முதலில், கட்டளை பிறகு, இடையில் வேறு பேச்சு கூடாது. இன்னொன்று, உதாரணமாகக் காட்டுகிற கட்டளையை ஏஜெண்ட் உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும். "இப்படிச் செய்யாதீர்கள்" என்று ஒரு மோசமான கட்டளையைக் காட்டினால் அதையே நகல் எடுத்து ஓட்டுவதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் அழிக்கக்கூடிய கட்டளைகளைத் தவறான உதாரணமாகக் காட்டவே கூடாது என்று முடிவு செய்தேன். அது என்ன செய்யும் என்பதை வாக்கியத்தில் சொன்னால் போதும்.

அப்புறம், காத்திருக்க வைக்கும் கட்டளைகள். கிட்டில் லாக் கட்டளையைச் சாதாரண டெர்மினலில் ஓட்டினால் வெளியீடு பக்கம் பக்கமாகக் காட்டும் ஒரு பேஜருக்குள் போகும், நாம் கியூ அழுத்தினால்தான் வெளியே வரலாம். செய்தி கொடுக்காமல் கமிட் செய்தால் எடிட்டர் திறக்கும். கமிட்டுகளை வரிசை மாற்றித் திருத்தும் இன்டராக்டிவ் ரீபேஸ் இன்னும் மோசம். மனிதனுக்கு இதெல்லாம் ஒரு சின்ன எரிச்சல், ஏஜெண்ட் பல நேரம் அங்கேயே நின்றுவிடும், நேரம் போகும், காசும் போகும். நான் சோதனை செய்தபோது என் கட்டணத்தில் கணிசமான பகுதி இப்படி நின்றுபோன ஓட்டங்களில்தான் கரைந்தது. கிட்டில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. நோ பேஜர் என்ற தேர்வு, செய்தியை நேரடியாகக் கொடுக்கும் எம் தேர்வு, நிலையை இயந்திரம் படிக்கும் வடிவில் கொடுக்கும் போர்சலேன் தேர்வு. போர்சலேன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று கிட் உறுதி கொடுத்திருக்கிறது. நம் கருவியின் ஒவ்வொரு கட்டளைக்கும் இதே கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும். இது காத்திருக்குமா, எதையாவது திறக்குமா, வெற்றி என்றால் எந்த எக்சிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்), தோல்வி என்றால் எது, இரண்டு முறை ஓட்டினால் என்ன ஆகும். எக்சிட் கோட் சின்ன விஷயம் போலத் தோன்றும். வித்தியாசத்தைக் காட்டும் கிட் டிஃப் கட்டளைக்கு எக்சிட் கோட் தேர்வைச் சேர்த்தால் வித்தியாசம் இருந்தால் 1 வரும். அது பிழை கிடையாது, ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஏஜெண்ட் பிழை என்று நினைத்து இல்லாத கோளாறைச் சரிசெய்யப் புறப்பட்டுவிடும்.

ஏஜெண்ட்ஸ் எம்டி (AGENTS.md) என்ற கோப்பு இருக்கிறதே, ரெப்போவின் (கிட் பதியும் ஃபோல்டரின்) மேல்மட்டத்தில் வைத்தால் பல ஏஜெண்டுகள் தாமே படிக்கும், அதில் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்கள். அதைக் கேட்காதீர்கள். அந்தக் கோப்பு ஒவ்வொரு உரையாடலிலும் ஏஜெண்டின் நினைவில் இடம் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கட்டணத்தை அளக்கும் டோக்கன் கணக்கில் ஏறும். ஒரு பக்கத்துக்குள் அடக்கி, மீதியை எங்கே தேடலாம் என்று மட்டும் சொன்னால் போதும். ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்வைத்த எல்எல்எம்ஸ் டெக்ஸ்ட் (llms.txt) என்ற யோசனையும் இதற்குத்தான், தளத்தில் எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று மாடல்களுக்குச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு கோப்பு. நான் இரண்டையும் வைத்தேன்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் இது கண்டிப்பாக வரும். நான் சோதனைக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா வரவு செலவுக் கணக்கின் நகலை எடுத்துக்கொண்டேன், எல்லாம் தமிழ்ப் பெயர். கிட் அதை நிலைப் பட்டியலில் காட்டும்போது எழுத்துக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாகத்தான் வந்தது. கோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் எழுத்து எழுத்தாகவே வரும். இன்னொரு சிக்கல் நுணுக்கமானது. கொ, கோ மாதிரியான எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது 'கோயில்' என்று தொடங்கும் ஒரே கோப்பு இரண்டாகத் தெரியலாம், வரலாறும் இரண்டாகப் பிரியும். இதைக் கருவி செய்தவர்களிடம் சொன்னேன். "தமிழ்ல யாரு கோப்புக்குப் பேர் வைப்பாங்க" என்று பதில் வந்தது. தமிழர் ஒருவர் கேட்ட கேள்விதான், மனசு கொஞ்சம் கசந்தது. ஆனாலும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கருவியில் 'ரீஸ்டோர்' என்று ஒரு கட்டளை. ஒரு ஸ்னாப்ஷாட்டின் எண்ணைக் கொடுத்தால் அந்த நிலைக்குத் திருப்பும். நான் பக்கம் எழுதியபோது அது ஸ்னாப்ஷாட்டில் இருந்த கோப்புகளை மட்டும் திருப்பி வைத்தது. அதன் பிறகு புதிதாக வந்த கோப்புகளைத் தொடவில்லை. அப்படியே ஓட்டிப் பார்த்து, வெளியீட்டைப் பிடித்து, அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு வந்த ஒரு பதிப்பில் அதன் குணத்தை மாற்றிவிட்டார்கள். ஸ்னாப்ஷாட்டில் இல்லாத எதையும் அது இப்போது அழித்தது. எனக்குச் சொல்லவில்லை, மாற்றப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை. பதிய வேண்டாம் என்று ஒதுக்கிய கிட் இக்னோர் பட்டியலில் இருக்கும் கோப்புகளைக் கருவி பதிவே செய்யாது, ஆனால் புது ரீஸ்டோர் அவற்றையும் சேர்த்து அழித்தது. பதிவில் இல்லாததை அழித்தால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

பினாங்கில் ஒரு சோதனை வாடிக்கையாளரின் ஏஜெண்ட், என் பக்கத்தைப் படித்துவிட்டு, ஏதோ ஒரு திருத்தம் தப்பாகப் போனதால் ரீஸ்டோர் ஓட்டியது. ஃபோல்டரில் இருந்த ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் போயின. மறுநாள் எனக்கு ஒரு மின்னஞ்சல். "உங்கள் ஆவணத்தில் புதிய கோப்புகள் பாதிக்கப்படாது என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி வாடிக்கையாளர் இழந்திருக்கிறார். மீதித் தொகையை நிறுத்தி வைக்கிறோம்." அதைப் படித்ததும் கை நடுங்கியது. யாரோ ஒருவரின் பில்கள் போய்விட்டனவே என்ற வருத்தம் ஒரு பக்கம், அதற்கு என் பேரைக் காட்டுகிறார்களே என்பது இன்னொரு பக்கம். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேசவில்லை. என்னவென்று சொல்வது, அம்மாவுக்கு இதை எப்படி விளக்குவது?

என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம்தான். கையேட்டை நான் எப்போதும் என் சொந்த கிட் ரெப்போவில் எழுதுவேன். ஒவ்வொரு கமிட் செய்தியிலும் கருவியின் பதிப்பு எண்ணைக் குறிப்பேன், கட்டளையின் நிஜ வெளியீட்டைத் தனிக் கோப்பில் சேர்த்து வைப்பேன், அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு இன்ஸ்டாலரையும் அழிக்காமல் வைத்திருப்பேன். அந்த இன்ஸ்டாலர்களை வரிசையாக வைத்து, கிட் பைசெக்ட் செய்கிற மாதிரி நடுவில் இருந்ததை எடுத்து ஓட்டி, சரியாக இருந்தால் பின் பாதி, தப்பாக இருந்தால் முன் பாதி என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். எந்தப் பதிப்பில் குணம் மாறியது என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. நான் பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய தேதிக்குப் பிந்திய பதிப்பு அது. வெளியீடுகளை அருகருகே வைத்து அனுப்பினேன். பதிலே வரவில்லை. தம்பிக்குப் போன் செய்தால், "அக்கா, நீங்க சொல்றது சரிதான், ஆனா நான் என்ன பண்ணட்டும்" என்றான். அவன் குரலைக் கேட்டு அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை, அதுதான் இன்னும் ஆதங்கம். கிட்டிலேயே செக்அவுட் என்ற ஒரே கட்டளை பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை) மாற்றவும் கோப்பைத் திருப்பவும் பயன்பட்டுப் பலரைக் குழப்பியதால், 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் சுவிட்ச், ரீஸ்டோர் என்று இரண்டு தனிக் கட்டளைகள் கொண்டுவந்தார்கள். அந்த ரீஸ்டோருக்கு ஓவர்லே என்று ஒரு நிலை உண்டு. அந்த நிலையில் அது எந்தக் கோப்பையும் அகற்றாது. ஆனால் இயல்பு நிலை ஓவர்லே இல்லாததுதான், அதில் கிட் ஏற்கெனவே தொடர்ந்து வரும் கோப்புகளில் மூலத்தில் இல்லாதவை அகற்றப்படும். கிட் கண்காணிக்காத கோப்புகளை அது தொடாது. கிட் கையேட்டில் இந்த மூன்றும் தெளிவாக இருக்கின்றன. ஆகவே, திருப்பும் கட்டளை எதற்கு எழுதினாலும் நான் இப்போது மூன்று வகைக் கோப்பையும் தனித்தனியாக எழுதுகிறேன். ஸ்னாப்ஷாட்டில் இருந்தவை என்ன ஆகும், அதன் பிறகு உருவானவை என்ன ஆகும், இக்னோர் பட்டியலில் உள்ளவை என்ன ஆகும். மூன்றுக்கும் பொறியாளர் ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் அந்தப் பக்கத்தை வெளியே விடுவதில்லை.

இக்னோர் பட்டியலில் எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. சில கருவிகள் எல்லாவற்றையும் பதிவு செய்யும், ரகசியச் சாவிகள் உள்ள என்வி கோப்பு உட்பட. அப்புறம் அந்தக் கோப்பை அழித்தாலும் வரலாற்றில் சாவி அப்படியே இருக்கும். அப்படி மாட்டினால் முதலில் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டும், வரலாற்றைச் சுத்தம் செய்வது அடுத்த வேலை. இதையும் ஆவணத்தில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள். எவ்வளவு நாள் பதிவு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வரலாறு என்றாலே மக்கள் என்றென்றைக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிராஞ்ச் எங்கெங்கே நகர்ந்தது என்று குறித்து வைக்கும் கிட்டின் ரெஃப்லாக் கூட இயல்பாக 90 நாள்தான், பிராஞ்சின் இப்போதைய முனையில் இருந்து எட்ட முடியாத பதிவுகளுக்கு 30 நாள். இந்தக் கருவியும் இடம் நிறைந்தால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத் தானே கழித்துவிடும், நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜெண்டுகள் ஓடினால் யாருடைய அடி யாருடையது என்று கலந்துபோகும் விஷயமும் அப்படித்தான். அதற்கு கிட்டில் 2015-இல் 2.5 பதிப்போடு வந்த வொர்க்ட்ரீ நல்ல வழி, ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனி ஃபோல்டர்.

சோதனை பற்றி. பைத்தானில் டாக்டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஆவணத்தில் எழுதிய உதாரணத்தை ஓட்டிப் பார்த்து, எழுதிய வெளியீடுதான் வருகிறதா என்று சரிபார்க்கும். அதே யோசனையில் என் கையேட்டுப் பக்கங்களில் உள்ள கட்டளைகளை உருவி எடுத்து ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இப்போது வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் முதலில் அதை ஓட்டுவேன், வெளியீடு மாறியிருந்தால் அந்தப் பக்கம் சிவப்பாகும். அதோடு, எந்த நினைவும் இல்லாத புது ஏஜெண்ட் ஒன்றிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, "இந்தக் கோப்பை நேற்றைய நிலைக்குக் கொண்டு வா" என்று சொல்லிப் பார்ப்பேன். அது எங்கே தடுமாறுகிறதோ அங்கே என் வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கண்டிப்பாக, கணினியின் மற்ற கோப்புகளைத் தொடாத ஒரு தனிக் கன்டெய்னருக்குள், நகல் கோப்புகளோடு மட்டும், கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு. மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் போய்விட்டு வரும், பாதியில் நின்ற ஓட்டங்களுக்கும் காசு போகும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும்.

மீதிப் பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பல வாரம் மின்னஞ்சல் எழுதி ஓய்ந்துபோனேன். கேஎல் போய் நேரில் பார்த்தும் வந்தேன், சுங்கை சிப்புட்டில் ரயிலேறி, வரவேற்பறையில் உட்கார்ந்து, "பாஸ் மீட்டிங்ல இருக்காரு" என்ற பதிலோடு அதே மாதிரித் திரும்பி வந்தது. அந்த ரயிலில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு ஒரு பழைய தோழி சொல்லித்தான் சிறு கோரிக்கை நடைமுறை பற்றித் தெரிந்தது. மலேசியாவில் 5,000 வெள்ளி வரைக்குமான பணக் கோரிக்கையைத் தனிநபர் ஒருவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தானே பதியலாம். படிவம் 198. எனக்கு வர வேண்டியது 4,500, வரம்புக்குள் வந்தது. படிவத்தை நிரப்பி, பதிவதற்கு முன் ஒரு நகலை ஒப்பந்தம், வெளியீட்டு ஒப்பீடு, கமிட் வரலாறு எல்லாவற்றோடும் சேர்த்து அவர்களுக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே போன் வந்தது. 1,500 தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்றார்கள். அம்மாவுக்கு அப்போது ஈப்போவில் கண் அறுவை சிகிச்சை, அலைய முடியாத நேரம். வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு அப்படி நெருக்கடி இல்லை என்றால் படிவத்தைப் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆதாரம் ஒழுங்காக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கருவி இப்போது விற்பனையில் இருக்கிறது. ரீஸ்டோர் பக்கத்தைத் திருத்திவிட்டார்கள், எச்சரிக்கை கட்டளைக்கு மேலேயே இருக்கிறது, பார்த்தபோது நிம்மதியாக இருந்தது. நான் வேறொரு குழுவுக்கு இதே மாதிரி வேலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் சேர்த்த பத்தியை அப்படியே தருகிறேன், யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம்: "ஒவ்வொரு பக்கமும் அதில் குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். கோப்பை அழிக்கவோ மாற்றவோ கூடிய கட்டளையின் செயல் மாறினால், வெளியிடும் முன் எழுதுபவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத மாற்றத்தால் வரும் பாதிப்புக்கு எழுதுபவர் பொறுப்பல்ல. படிப்பவர் மனிதரா ஏஜெண்டா என்பது தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். பிறகு மாற்றினால் அது புது வேலையாகக் கணக்கிடப்படும். சோதனைக்கான ஏஜெண்ட் கட்டணம் நிறுவனத்தைச் சேர்ந்தது. தொகை மூன்று தவணை, கடைசித் தவணை வரைவு ஒப்படைத்த முப்பது நாளில், கருவி வெளியானாலும் வெளியாகாவிட்டாலும்."